பீர் கிடைக்காத பார்: மாமனாரை கார்டன்ஸுக்குக் கூட்டிப்போகலாமா?

#1 ஈஸ்ட்ஹாம் காகம்

மக்களே, ஒரு சின்ன தர்மசங்கடம். மனைவியின் அப்பாவும் அம்மாவும் ஆறு வாரம் லண்டனில் எங்களோடு இருக்க வந்திருக்கிறார்கள். மாமனார் கும்பகோணம் பக்கம், கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர், 71 வயது. குடிப்பழக்கம் கிடையாது. டவர், அரண்மனை, மியூசியம் எல்லாம் முதல் வாரத்திலேயே முடித்தாயிற்று. நேற்று ராத்திரி சாப்பிடும்போது திடீரென்று கேட்டார்: "மாப்பிள்ளை, நம்ம ஊர்ல ஒயின்ஷாப்னு சொல்றோம், அங்க போய் ஒயின் கேட்டா ஒரு மாதிரி பாப்பானாம். நிஜமாவே ஒயின் மட்டும் விக்கற கடை இந்த ஊர்ல உண்டா?"

எனக்கு உடனே ஞாபகம் வந்தது வில்லியர்ஸ் தெருவில் இருக்கும் கார்டன்ஸ் என்ற ஒயின் பார். போன வருஷம் ஆபீஸில் ஒருவருக்குப் பிரிவு விருந்து அங்கே நடந்தது. குறுகலான படியில் இறங்கினால் செங்கல் வளைவு போட்ட நிலவறை. மெழுகுவர்த்தி வெளிச்சம்தான். பீர், விஸ்கி, ஜின் எதுவும் கிடையாது. ஒயின் மட்டும். அன்றைக்கு நான் ஏதோ ஒரு சிவப்பை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனைவியிடம் சொன்னதும் "பூங்காவா? அம்மாவையும் கூட்டிட்டுப் போங்களேன்" என்றாள். கார்டன் என்பது அதை ஆரம்பித்தவர் பெயர் என்று விளக்கியதும் முகம் மாறிவிட்டது. "போங்க, ஆனா அம்மாகிட்ட மூச்சு விடாதீங்க" என்று உத்தரவு.

மூன்று சந்தேகம். மாமனாரோடு பாரில் உட்காருவது சரிதானா? போனால் என்ன வாங்குவது? சுத்த சைவத்துக்கு அங்கே என்ன இருக்கிறது?

#2 வாட்டர்லூ வாசு

தாராளமாகக் கூட்டிப்போங்கள். 22 வருஷமாக விருந்தாளி வந்தால் நான் செய்கிற காரியம் இது. என் சித்தப்பா, ஆபீஸ் மேனேஜர், ஒரு முறை வீட்டு ஓனர்கூட வந்திருக்கிறார்.

நேரம் முக்கியம். வாரநாளில் மூன்று மணிவாக்கில் போய்விடுங்கள். ஐந்துக்கு மேல் ஆபீஸ் விட்ட கூட்டம் சேர்ந்துவிட்டால் பெரியவருக்கு உட்கார இடம் கிடைக்காது. எம்பாங்க்மென்ட் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் இரண்டு நிமிஷ நடைகூட இல்லை. படியில் கைப்பிடியை விடாமல் இறங்கச் சொல்லுங்கள். உள்ளே வளைவு தாழ்வு, ஆறடி ஆள் குனிந்துதான் போக வேண்டும். நான் ஐந்தே முக்கால், இருந்தும் ஒரு தடவை தலையில் வாங்கியிருக்கிறேன்.

மேஜைக்கு வந்து கேட்க மாட்டார்கள். ஒருவர் இடம் பிடிக்க, ஒருவர் கவுன்ட்டருக்குப் போக வேண்டும். பெரியவரை இடம் பிடிக்க வையுங்கள். துண்டு போட்டு பஸ் சீட் பிடித்த தலைமுறை, யாரும் பக்கத்தில் வர முடியாது.

ஒயின் 125 மில்லி என்று கேளுங்கள். 2010லிருந்து அந்தச் சின்ன அளவை வைத்திருப்பது இங்கே சட்டப்படி கட்டாயம். ஆனால் வாயைத் திறந்து கேட்காவிட்டால் பல கடைகளில் 175 தானாக வந்து உட்கார்ந்துவிடும். குழாய்த் தண்ணீரும் அதே சட்டத்தில் இலவசம், கூச்சப்படாமல் கேட்கலாம்.

அப்புறம் ஒன்று. அவருக்கென்று ஒரு கிளாஸ் வாங்கி நீட்டாதீர்கள். நீட்டினால் வேண்டாம் என்றுதான் சொல்லியாக வேண்டும், அவர் மரியாதை அப்படி. நீங்கள் இரண்டு வாங்கி நடுவில் வையுங்கள். மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

#3 சுருதிபேதம்

கார்டன்ஸை "லண்டனிலேயே பழைய ஒயின் பார், 1890" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். பத்திரிகை ஆபீஸ்கள் நிறைந்திருந்த ஃப்ளீட் தெருவில் பேர் வாங்கிய எல் வீனோ என்ற இன்னொரு பாரின் வியாபாரம் 1879லேயே தொடங்கியது. அது முதலில் ஒயின் வணிகம், பார் பிறகுதான் என்று வாதாடலாம். சரி, எது மூத்தது என்ற பஞ்சாயத்து வேண்டாம்.

நான் சொல்ல வந்தது வேறு. பழைய பார், மெழுகுவர்த்தி என்றதும் உருகிவிடுகிறோமே, அந்தப் பழமைக்குள் என்னவெல்லாம் இருந்தது தெரியுமா? எல் வீனோவில் பெண்கள் பார் முன்னால் நின்று குடிக்க முடியாது. பின்பக்க அறையில் மேஜையில் உட்கார்ந்தால்தான் கொடுப்பார்கள். இது ஏதோ விக்டோரியா காலத்துச் சங்கதி இல்லை, 1982 வரைக்கும். வழக்கறிஞர் டெஸ் கில், பத்திரிகையாளர் ஆனா கூட் இரண்டு பேரும் வழக்குப் போட்டார்கள். முதல் கோர்ட்டில் தோற்று, மேல்முறையீட்டில்தான் ஜெயித்தார்கள். உட்கார வைத்து உபசாரம்தானே செய்கிறோம், இதில் என்ன குறை என்பது கடைத் தரப்பு. அந்த பாரில் நின்றால்தான் பத்திரிகைக்காரர்களுக்கு ஊர்ச் செய்தி காதில் விழும், பின் அறையில் உட்கார வைத்தால் பெண் நிருபருக்குப் பிழைப்பே பாதிக்கும் என்பது நீதிபதிகளில் ஒருவர் எடுத்துக்காட்டிய விஷயம்.

ஆகவே மெழுகுவர்த்தியை ரசியுங்கள், கூடவே இதையும் நினைவில் வையுங்கள். மாமியாரை விட்டுவிட்டு மாமனாரை மட்டும் கூட்டிப்போகிற திட்டத்தைப் பார்த்ததால் சொல்கிறேன்.

#4 ஈஸ்ட்ஹாம் காகம்

@சுருதிபேதம் அடி பலமாக விழுந்தது. ஆனால் எங்கள் மாமியாரிடம் "பார்" என்ற வார்த்தையைச் சொல்லிப் பாருங்கள், எந்தக் கோர்ட்டிலும் மேல்முறையீடு கிடையாது.

#5 ஆற்றங்கரை நிழல்

காகம், பெரியவருக்குப் பழைய இடங்கள் பிடிக்கும் என்றால் நேரே படியில் இறங்கிவிடாதீர்கள். முதலில் பக்கத்துப் பூங்காவில் ஒரு கல் வாசல் நிற்கிறது, அதைக் காட்டுங்கள். யார்க் வாட்டர்கேட், 1626 வாக்கில் கட்டியது. பக்கிங்ஹாம் பிரபு தன் மாளிகையிலிருந்து படகில் ஏறுவதற்காகக் கட்டிய படித்துறை வாசல். இப்போது அதற்குப் பக்கத்தில் தண்ணீரே இல்லை. ஆறு சுமார் 150 கஜம் தள்ளி ஓடுகிறது.

ஆறு எங்கேயும் போகவில்லை, கரைதான் நகர்ந்தது. 1858 கோடையில் தேம்ஸில் சாக்கடை நாறி நாடாளுமன்றமே மூக்கைப் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு பாசல்ஜெட் என்ற பொறியாளர் நகரம் முழுக்கப் பாதாளச் சாக்கடை போட்டார். அதில் ஒரு பகுதியாக ஆற்றின் ஓரத்தைத் தூர்த்து, உள்ளே சாக்கடைக் குழாயும் ரயில் பாதையும் வைத்து, மேலே சாலை போட்டார்கள். 1870இல் திறந்த விக்டோரியா எம்பாங்க்மென்ட் அதுதான். அதுவரை ஆற்றோரம் சரக்கு இறக்கிய கிடங்குகள் ஒரே வீச்சில் நடுத்தெருவுக்கு வந்துவிட்டன. கார்டன்ஸ் இருக்கும் கட்டடமும் அப்படித் தரை தட்டிய கிடங்குதான் என்பது கடைக்காரர்கள் சொல்லும் கதை. நம்பத்தக்க கதையும்கூட. ஆற்றங்கரை நிலவறைக்கே உண்டான குளிர்ச்சி இன்னும் அங்கே இருக்கிறது, போய்ப் பார்த்தால் தெரியும்.

இதே தெருவில் ஒரு மாடியில் எழுத்தாளர் கிப்ளிங் குடியிருந்தார், 1889 முதல் 1891 வரை. வாசலில் பலகை இருக்கிறது. லாகூரிலும் அலகாபாத்திலும் பத்திரிகை வேலை பார்த்துவிட்டு வந்த கையோடு இங்கே வாடகைக்கு வந்தவர். கீழ்த்தளத்தில் அப்போது ஒரு சாசேஜ் கடை, இரண்டு பென்னிக்கு வயிறு நிறையும் என்று பிற்காலத்தில் ஆசையாக எழுதியிருக்கிறார்.

தெருப் பெயர் சமாசாரம் ஒன்று, தமிழ் தெரிந்தவர்கள் ரசிக்கலாம். ஜார்ஜ் வில்லியர்ஸ், டியூக் ஆஃப் பக்கிங்ஹாம் என்ற அந்தப் பிரபுவின் வாரிசு மாளிகையை விற்றபோது, தன் முழுப் பெயரும் தெருக்களில் வரவேண்டும் என்று நிபந்தனை போட்டாராம். ஜார்ஜ், வில்லியர்ஸ், டியூக், பக்கிங்ஹாம் என்று ஆளுக்கொரு தெரு. நடுவில் இருந்த "ஆஃப்" என்பதற்கும் ஒரு சந்து! பிறகு பெயரை மாற்றிவிட்டார்கள், ஆனால் முன்னாள் ஆஃப் சந்து என்று பலகையில் இன்னும் எழுதிவைத்திருக்கிறார்கள். வேற்றுமை உருபுக்குத் தெரு வைத்த ஊர் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

#6 நன்னாரி

சைவக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. அங்கே சாப்பாட்டில் பேர்போனது சீஸ் தட்டு. பெரிய பெரிய துண்டு, ரொட்டி, ஊறுகாய் என்று கிடைக்கும் (நம் ஊறுகாய் இல்லை, புளிப்பு வெள்ளரி வகையறா). சீஸில் பலவற்றைக் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்த்துத்தான் உறைய வைக்கிறார்கள். எது சைவ ரென்னெட் என்று கவுன்ட்டரில் கேட்டு வாங்குங்கள்.

ஒயினும் அப்படித்தான். தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கரு, பாலின் கேசின், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் இசின்கிளாஸ் என்று எதையாவது போடுவது உண்டு. கலங்கலை அடியில் இழுத்துக்கொண்டு போய்விடும், குடிக்கிற ஒயினில் அநேகமாக எதுவும் மிஞ்சாது. இருந்தாலும் தெரிந்துகொண்டு குடிப்பது அவரவர் விருப்பம். பெரியவர் கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் நீங்களாக வகுப்பு எடுக்க வேண்டாம். நான் எடுத்தேன். எங்கள் பெரியப்பா பத்து நாள் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை.

#7 வாட்டர்லூ வாசு

என்ன வாங்குவது என்பதை மறந்துவிட்டேன். அங்கே சாதாரண வெள்ளை, சிவப்பு வாங்காதீர்கள், அது எங்கும் கிடைக்கும். பாருக்குப் பின்னால் மரப் பீப்பாய்கள் இருக்கும். அதிலிருந்து ஷெர்ரி, போர்ட், மதெய்ரா பிடித்துக் கொடுப்பார்கள். இவை மூன்றிலும் திராட்சைச் சாராயம் சேர்த்து வீரியம் ஏற்றியிருப்பார்கள். ஷெர்ரியில் லேசானது 15 சதவீதம், போர்ட் 20 வரை போகும். ஆகவே சின்ன கிளாஸ் போதும்.

நம்மவர்கள் எல்லோரும் முதலில் ஏமாறுவது ஃபீனோ ஷெர்ரியில்தான். ஒயின் என்றால் கிறிஸ்துமஸுக்கு ஆங்கிலோ இந்தியர் வீட்டில் கொடுக்கும் இனிப்புத் திராட்சை ஒயின் ஞாபகம் நமக்கு. ஃபீனோவில் சர்க்கரை அறவே இல்லை. பீப்பாயை முழுக்க நிரப்பாமல் கொஞ்சம் காற்றுக்கு இடம் விடுவார்கள், ஒயினின் மேல் ஈஸ்ட் ஆடை படரும், பால் ஆடை மாதிரி. அது காற்றை உள்ளே விடாமல் காக்கும், உள்ளே மிச்சம் இருப்பதையும் தின்றுவிடும். வாயில் வைத்தால் பச்சைப் பாதாம், கொஞ்சம் உப்புக் காற்று. முதல் மடக்கில் "கெட்டுப்போயிருச்சா?" என்று கேட்பார்கள். நான் கேட்டேன். மூன்றாவது தடவை போனபோதுதான் பிடித்தது.

#8 காரக்குழம்பு

போர்ட் பற்றி ஒரு எச்சரிக்கை. இது கார்டன்ஸ் இல்லை, வேறொரு இடம், பேர் வேண்டாம். "உங்களிடம் இருப்பதிலேயே பழைய போர்ட் கொடுங்கள்" என்று பந்தாவாகச் சொன்னேன். விலை கேட்கவில்லை. ஒரு கிளாஸுக்கு வந்த பில்லில் அந்த மாத மளிகை வாங்கியிருக்கலாம். எதிரே உட்கார்ந்திருந்தவள் அப்போது என் வருங்கால மனைவி, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கார்டைத் தேய்த்தேன். இப்போதும் வீட்டில் சண்டை வந்தால் "போர்ட்" என்பாள், அவ்வளவுதான்.

#9 யாழ்க்கரை

நான் 91இல் லண்டன் வந்தனான். முதல் மூன்று வருஷம் சாரிங் கிராஸ் பக்கம் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். வேலை முடிய ராத்திரி பதினொரு மணி தாண்டும். ட்ரஃபல்கர் சதுக்கத்தில் இரவு பஸ் எடுக்கிறதுக்கு முதல், சும்மா காற்று வாங்க ஆற்றுப்பக்கம் நடந்து வருவேன். இந்த கோர்டன்ஸைக் கடந்துதான் வரவேணும். கீழே ஜன்னலுக்குள்ளால் மெழுகுதிரி வெளிச்சம் தெரியும், ஆட்கள் சிரிக்கிற சத்தம் கேட்கும். எங்கட ஊரில் அந்த நாளில் கரண்ட் இல்லை, எல்லா வீட்டிலும் குப்பி விளக்கு. இவ்வளவு பெரிய நகரத்தில் காசு குடுத்து விளக்கில்லாமல் இருக்கிறாங்களே எண்டு யோசிப்பேன்.

ஒரு நாளும் உள்ளே போகேல்லை. யாரும் வரவேண்டாம் எண்டு சொன்னதில்லை. கையெல்லாம் சவர்க்காரத்தில் ஊறிச் சுருங்கியிருக்கும், அதோட எப்பிடிப் போறது?

2009இல் மகள் பட்டம் எடுத்த அண்டைக்குத்தான் போனேன். அவள்தான் கூட்டிக்கொண்டு போனாள். எனக்கு மதெய்ரா எடுத்துத் தந்தாள். ஐயா பனையோலைப் பிளாவில் கள்ளுக் குடிக்கிற மனிசன், பனங்கள்ளு கொஞ்சம் புளிச்ச பிறகு ஒரு வாசம் வரும். அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் கிளாஸைத் தூக்க ஐயாவின்ட ஞாபகம்தான் வந்தது.

தம்பி, மாமாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கோ. மதெய்ரா எடுங்கோ.

#10 ஆற்றங்கரை நிழல்

அண்ணா, படித்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

மதெய்ராவுக்கும் நம் பக்கத்துக்கும் நிஜமாகவே தொடர்பு உண்டு. யாராவது சங்கப் பாட்டில் வரும் யவனர் தேறல் (கிரேக்க, ரோமானியர் கொண்டுவந்த ஒயின்) என்று ஆரம்பிப்பதற்குள் இதைச் சொல்லிவிடுகிறேன். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் இந்தியா வரும் வழியில் மதெய்ரா தீவில் நின்று ஒயின் ஏற்றும். 18ஆம் நூற்றாண்டில் மதராஸில் வெள்ளைக்காரர்கள் மேஜையில் முக்கியமான ஒயின் அதுதான். மற்ற ஒயின் எல்லாம் கப்பல் சூட்டில் கெட்டுப்போகும். இது மட்டும் பூமத்திய ரேகையைத் தாண்டி, அடித்தளத்தில் மாதக்கணக்கில் வெந்து, ஆடி ஆடி வந்தபோது முன்னைவிட ருசியாக இருந்தது. விஷயம் தெரிந்ததும், விற்பதற்கு இல்லாமல் ருசி ஏற்றுவதற்காகவே பீப்பாய்களைக் கப்பலில் உலா அனுப்ப ஆரம்பித்தார்கள். பிறகு செலவு கட்டுபடியாகாமல் தீவிலேயே சூடேற்ற வழி கண்டார்கள். இன்றைக்கும் மதெய்ராவை வேண்டுமென்றே சூட்டில் போட்டுத்தான் தயாரிக்கிறார்கள். நம் கடல் வெயிலின் நகல் அது.

பீப்பாய் என்ற நம் சொல்லே போர்ச்சுகீசிய "பீப்பா"தான். சாவி, ஜன்னல், அலமாரி வந்த அதே கப்பலில் வந்தது.

#11 சுருதிபேதம்

யவனரை இழுக்காமல் தமிழ்க் குழுவில் ஒயின் பற்றிப் பத்துப் பதிவு. சாதனை.

#12 ஈஸ்ட்ஹாம் காகம்

போய்வந்தாயிற்று. புதன்கிழமை, மூன்று மணி.

மாமனார் ஸ்வெட்டர், மேலே கோட்டு, தலையில் மங்கி கேப், கையில் குடை. முதலில் அந்தக் கல் வாசல். சுற்றிவந்து பார்த்துவிட்டு "படித்துறை இருக்கு, ஆத்தைக் காணோம். நம்ம பக்கம் ஆறு இருக்கும், தண்ணியைக் காணோம்" என்றார். ஆஃப் சந்துப் பலகைக்கு முன்னால் என்னைப் போட்டோ எடுக்கச் சொன்னார்.

படியில் இறங்கியதும் கேப்பைக் கழற்றிவிட்டார், கோயிலுக்குள் போகிற மாதிரி. சுவரெல்லாம் பழைய பேப்பர் ஒட்டி மஞ்சளாகி, மேலே வளைவு முழுக்கப் புகை. விரலால் சுவரைத் தொட்டுப் பார்த்து, "மடப்பள்ளி மாதிரின்னா இருக்கு" என்றார். அதற்கு மேல் நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கோயில் மடப்பள்ளிச் சுவருக்கு யாரும் வெள்ளை அடிப்பதில்லை. இங்கேயும் யாரோ பழமையாகத் தெரியட்டும் என்று ஏற்பாடு செய்ததாகப் படவில்லை, துடைக்காமல் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மூலை மேஜை கிடைத்தது. காலி பாட்டிலில் செருகிய மெழுகுவர்த்தி, பல நாள் மெழுகு வழிந்து வழிந்து பாட்டிலே தெரியாமல் புற்று மாதிரி வளர்ந்திருந்தது. அவரை இடம் பிடிக்க உட்கார வைத்து (குடையைக் குறுக்கே வைத்தார், ஒருவர் கிட்டே வரவில்லை) ஒரு ஃபீனோ, ஒரு மதெய்ரா, கேட்டு வாங்கிய சைவ சீஸ், குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். முதலில் பில்லை வாங்கி ரூபாயில் பெருக்கினார். பழைய காசாளர், மனக்கணக்குதான். ஒன்றும் சொல்லவில்லை, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வாசு சொன்னபடி இரண்டு கிளாஸையும் நடுவில் வைத்தேன். மதெய்ராவை மெழுகுவர்த்திக்கு எதிரே பிடித்து நிறம் பார்த்தார். முகர்ந்தார். திரும்ப முகர்ந்தார். "தீபாவளி லேகியம்" என்றார். எனக்கும் முகர்ந்ததும் அதுதான்: வெல்லம், சுக்கு, கொஞ்சம் தீய்ந்த நெய். மதராஸ் கப்பல் கதையைச் சொன்னேன். "வெயில்ல வச்சா வடுமாங்காய் மாதிரி இதுவும் பதமாகும் போல" என்றார்.

பக்கத்தில் இரண்டு பெண்கள், அறுபது வயது இருக்கும், ஒரு பாட்டிலைப் பகிர்ந்துகொண்டு எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாமனார் ரொம்ப நேரம் அவர்களையே பார்த்துவிட்டு, "உங்க மாமிக்கும் இப்படி ஒரு சிநேகிதி இருந்தா. கல்யாணத்துக்கப்புறம் பாக்கவே இல்லை" என்றார். @சுருதிபேதம், உங்களுக்காக எழுதுகிறேன்.

இன்னும் கொஞ்சம் ரொட்டி வாங்கக் கவுன்ட்டருக்குப் போனேன். வரிசை நகரப் பத்து நிமிஷம் ஆயிற்று. திரும்பி வந்தபோது மதெய்ரா ஒரு விரற்கடை குறைந்திருந்தது. ஃபீனோ அப்படியே இருந்தது. அவர் சுவரில் இருந்த பழைய செய்தித்தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

டிஸ்ட்ரிக்ட் லைனில் திரும்பி வரும்போது கேட்டேன், "அத்தை கேட்டா எங்க போனோம்னு சொல்றது?" யோசிக்கவே இல்லை. "கார்டனுக்குப் போனோம்னு சொல்லுங்கோ. பொய் இல்லையே."

வீட்டுக்கு வந்ததும் அப்படியே சொன்னேன். மாமியார் தலையாட்டிக்கொண்டே அவர் ஸ்வெட்டர் கையைப் பிடித்துப் பார்த்தார். முழங்கைப் பக்கம் வெள்ளையாக மெழுகு சொட்டி உறைந்திருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, "ஏன், தோட்டத்துல கரண்ட் இல்லையா?" என்றார்.

#13 யாழ்க்கரை

இதுக்குத்தான் நாங்கள் கோர்டன்ஸ் எண்டு எழுதுறது.